கொசாக்குகள்: ஓடிவந்தவர்கள் பேரரசின் காவலர்களான கதை

ரஷ்யப் பேரரசு – வரலாற்றுத் தொடர்

மாஸ்கோவுக்குத் தெற்கே காடு முடிந்து புல்வெளி தொடங்குகிறது. 15, 16-ஆம் நூற்றாண்டுகளில் அந்தப் புல்வெளியில் எந்த அரசின் ஆணையும் செல்லுபடியாகவில்லை. வடக்கே மாஸ்கோ, மேற்கே போலந்து–லித்துவேனியா, தெற்கே ஒட்டோமான் சுல்தானுக்குக் கட்டுப்பட்ட கிரிமியக் கானரசு ஆகிய மூன்றுக்கும் நடுவே அது கிடந்தது. ரஷ்யர்கள் அதைக் ‘காட்டு வெளி’ என்றார்கள். கிரிமியத் தாத்தார்கள் அதன் வழியே வந்து ஊர்களைச் சூறையாடி, ஆட்களைப் பிடித்துக்கொண்டுபோய் அடிமைச் சந்தையில் விற்றார்கள். நல்ல கரிசல் மண் இருந்தும் குடியானவர்கள் அங்கே குடியேற அஞ்சினார்கள். துணிந்து போனவர்களே கொசாக்குகள் ஆனார்கள்.

அவர்கள் ஒரே இனத்தவர் அல்லர். எசமானிடமிருந்து தப்பிய ரஷ்ய, உக்ரேனியக் குடியானவர்களும் கடனாளிகளும் தண்டனைக்கு அஞ்சி ஓடியவர்களும் தாத்தார் கூட்டங்களிலிருந்து பிரிந்தவர்களும் டான், நீப்பர், வோல்கா, தெரெக், யாயிக் ஆற்றங்கரைகளில் சேர்ந்தார்கள். மீன்பிடிப்பும் வேட்டையும் கொள்ளையும் அவர்களுடைய பிழைப்பு. ஏர் பிடித்தால் வரி வாங்குபவனும் எசமானும் பின்னாலேயே வந்துவிடுவார்கள் என்ற அச்சம் அவர்களிடம் நெடுங்காலம் இருந்தது. 1690-இல்கூட டான் கொசாக்குகளின் பேரவை, நிலத்தை உழுபவனை அடித்துக் கொல்லலாம் என்று ஆணையிட்டது.

பேரவைக்கு ‘க்ரூக்’ என்று பெயர். ஆண்கள் வட்டமாக நின்று கூடும் இந்த அவை தலைவனைத் தேர்ந்தெடுத்தது. ‘அதமான்’ எனப்பட்ட அந்தத் தலைவனுக்குப் போர்க்களத்தில் முழு அதிகாரம் உண்டு. ஊர் திரும்பியதும் அதே அவை அவனைக் கேள்வி கேட்கலாம், நீக்கவும் செய்யலாம். டானுக்கு வந்து சேர்ந்தவனைத் திருப்பித் தருவதில்லை என்பது இன்னொரு வழக்கம். 1649-இல் மாஸ்கோ வெளியிட்ட சட்டத் தொகுப்பு, ஓடிப்போன குடியானவனை எத்தனை ஆண்டுகள் கழித்தும் எசமான் மீட்டுக்கொள்ளலாம் என்றது. சட்டம் இறுக இறுக, டானை நோக்கி ஓடிவருவோர் பெருகினார்கள்.

மானியமும் மறுப்பும்

டான் கொசாக்குகளுக்கும் மாஸ்கோவுக்கும் இருந்த உறவுக்குப் பழைய சான்றாகக் காட்டப்படுவது, 1570-இல் நான்காம் இவான் அவர்களுக்கு அனுப்பிய கடிதம். தூதர்களுக்கு வழித்துணை செல்ல வேண்டும், அரசுக்குப் பணி செய்ய வேண்டும், அதற்குக் கைம்மாறு கிடைக்கும் என்பதே இந்த உறவின் சாரம். பின்னாளில் தானியம், வெடிமருந்து, ஈயம், துணி, மது, பணம் ஆகியவை ஆண்டு மானியமாக டானுக்குச் சென்றன. 17-ஆம் நூற்றாண்டு முழுவதும் இந்த விவகாரத்தைக் கவனித்தது மாஸ்கோவின் தூதுவர் அலுவலகம். வெளிநாடுகளோடு பேசும் அலுவலகமே டானோடும் பேசியது.

இந்த ஏற்பாடு மாஸ்கோவுக்கு வசதியாக இருந்தது. கொசாக்குகள் படகேறிப்போய்த் துருக்கிக் கடற்கரையைக் கொள்ளையடித்தால், அவர்கள் தன் குடிகளே அல்ல, ஓடிப்போன திருடர்கள் என்று சுல்தானுக்குப் பதில் எழுதிவிடலாம். 1637-இல் டான் கொசாக்குகள் அஸோவ் கோட்டையைத் துருக்கியரிடமிருந்து பிடித்தார்கள். 1641-இல் முற்றுகையிட்ட பெரும் ஒட்டோமான் படையையும் தாக்குப்பிடித்து, கோட்டையை ஏற்றுக்கொள்ளும்படி ஜார் மிகயிலைக் கேட்டார்கள். துருக்கியோடு போர் மூளும் என்று அஞ்சிய ஜார், கோட்டையை விட்டு வெளியேறும்படி 1642-இல் ஆணையிட்டார்.

கிழக்கே நிலைமை வேறு. உப்பு, மென்மயிர்த் தோல் வணிகத்தில் பெருஞ்செல்வம் சேர்த்த ஸ்த்ரோகனவ் குடும்பம், யெர்மாக் என்ற அதமானின் கூட்டத்தைக் கூலிப்படையாக அமர்த்தி யூரல் மலைக்கு அப்பால் அனுப்பியது. 1582-இல் யெர்மாக், சைபீரியக் கான் குச்சுமின் தலைநகரான கஷ்லிக்கைப் பிடித்தான். 1585-இல் நடந்த திடீர்த் தாக்குதலில் இர்திஷ் ஆற்றில் மடிந்தான். அவன் திறந்த வழியில் கொசாக்குகள் 1639-இல் பசிபிக் கடற்கரையை எட்டினார்கள். 1648-இல் செமியோன் தெஷ்னியோவ் ஆசியாவின் வடகிழக்கு முனையைச் சுற்றிக் கடலில் சென்றான். அங்குள்ள நீரிணைக்கு இன்று பெயர் தந்திருக்கும் பெரிங், அங்கே வந்தது எண்பது ஆண்டுகளுக்குப் பிறகு. சைபீரியப் பழங்குடிகளுக்கு இந்த வருகை பெருந்துன்பமாக முடிந்தது. கொசாக்குகள் அவர்களுடைய தலைவர்களைப் பிணையாகப் பிடித்துவைத்து, மென்மயிர்த் தோலைத் திறையாக வாங்கினார்கள்.

நீப்பர் ஆற்றில்

நீப்பர் ஆற்று அருவிகளுக்குக் கீழே உக்ரேனியக் கொசாக்குகள் அமைத்த கோட்டை முகாம் ‘சீச்’ எனப்பட்டது. பெண்களுக்கு அங்கே இடமில்லை. போலந்து அரசு இவர்களில் ஒரு பகுதியினரைப் பதிவேட்டில் சேர்த்துச் சம்பளம் கொடுத்தது. மற்றவர்களைக் குடியானவர்களாகவே நடத்த முயன்றது. இந்தப் பிணக்கோடு சமயப் பகையும் பண்ணை நிலப் பகையும் சேர்ந்து, 1648-இல் போக்தான் ஹ்மெல்நீட்ஸ்கி தலைமையில் பெருங்கிளர்ச்சியாக வெடித்தது. போலந்துப் பிரபுக்களின் படைகள் தோற்றன. நகரங்களில் வாழ்ந்த யூதர்கள் பல்லாயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள்.

1654-இல் பெரயாஸ்லாவில் ஹ்மெல்நீட்ஸ்கி ஜாரின் பாதுகாப்பை ஏற்றார். அது இரு தரப்பும் செய்துகொண்ட உடன்படிக்கை என்று உக்ரேனிய வரலாற்றாசிரியர்கள் பலர் கருதுகிறார்கள். ரஷ்யப் பேரரசின் வரலாறு அதை நிரந்தர இணைப்பாகவே எழுதியது. 1708-இல் ‘ஹெட்மன்’ எனப்பட்ட உக்ரேனியக் கொசாக் தலைவர் மஸேப்பா, சுவீடன் மன்னர் பன்னிரண்டாம் சார்லஸ் பக்கம் சாய்ந்தார். அடுத்த ஆண்டு பொல்தாவாவில் சுவீடன் தோற்றதோடு அந்த முயற்சியும் முடிந்தது. 1764-இல் ஹெட்மன் பதவியே ஒழிக்கப்பட்டது.

மூன்று கிளர்ச்சிகள், ஒரே முடிவு

டானில் எல்லோரும் சமம் என்ற நிலை நெடுநாள் நிலைக்கவில்லை. ஆற்றின் கீழ்ப்பகுதியில் வீடும் மந்தையும் மானியத்தில் பங்கும் உள்ள பழங்குடும்பங்கள் இருந்தன. மேல்பகுதியில் புதிதாக ஓடிவந்த, ஒன்றுமில்லாத கூட்டம் சேர்ந்தது. மாஸ்கோ பேசியது பழங்குடும்பத்து மூத்தவர்களோடு. கிளர்ச்சிகளுக்கு ஆள் சேர்ந்தது ஒன்றுமில்லாதவர்களிடமிருந்து. நூறு ஆண்டுகளில் மூன்று முறை கிளர்ச்சி எழுந்தது. மூன்றிலும் தலைவனுக்கு முடிவு கட்டியவர்கள் கொசாக்குகளே.

ஸ்டென்கா ராஸின், பாரசீகக் கரைவரை சென்று கொள்ளையடித்துத் திரும்பிய பிறகு, 1670-இல் வோல்கா வழியே மேலேறினார். ஆஸ்திரகான் வீழ்ந்தது. பண்ணையடிமைகள் எசமான்களைக் கொன்றுவிட்டு அவரோடு சேர்ந்தார்கள். அந்த இலையுதிர்காலத்தில் சிம்பீர்ஸ்க் அருகே தோற்று டானுக்குத் திரும்பிய ராஸினை, அதமான் கோர்னிலோ யாக்கவ்லெவும் மூத்தவர்களும் 1671 ஏப்ரலில் பிடித்து மாஸ்கோவுக்கு அனுப்பினார்கள். யாக்கவ்லெவ் அவருடைய ஞானத்தந்தை. ஜூன் மாதம் ராஸின் உடல் துண்டிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு டான் கொசாக்குகள் ஜாருக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்தார்கள். ராஸினை ஒப்படைத்தது, திருப்பித் தருவதில்லை என்ற வழக்கத்தில் விழுந்த முதல் பெரிய விரிசல்.

அந்த வழக்கத்தை வெளிப்படையாகவே உடைக்க வந்தவர் முதலாம் பீட்டர். ஓடிவந்தவர்களைப் பிடித்துவர 1707-இல் இளவரசர் யூரி தல்கருக்கவைப் படையோடு டானுக்கு அனுப்பினார். டான் கொசாக்கான கொண்ட்ராத்தி புலாவினின் ஆட்கள் இளவரசரைக் கொன்றார்கள். கிளர்ச்சி பரவி, புலாவின் டானின் தலைநகரான செர்கஸ்கையும் பிடித்து அதமான் ஆனார். 1708 ஜூலையில், எதிர்த்தரப்புக் கொசாக்குகள் வீட்டைச் சூழ்ந்துகொண்டபோது அவர் இறந்தார். மேல் டானின் பல ஊர்கள் தரைமட்டமாயின. இக்னாத் நெக்ரஸோவ் என்பவரோடு குபானுக்கு ஓடிய குடும்பங்களின் வழிவந்தவர்கள் பிறகு துருக்கியில் குடியேறி, அவர்களில் பலர் 1962-இல்தான் சோவியத் நாட்டுக்குத் திரும்பினார்கள்.

மூன்றாவது கிளர்ச்சி யாயிக் ஆற்றில் தொடங்கியது. ராஸின் பிறந்ததாகச் சொல்லப்படும் ஸிமவெய்ஸ்கயா ஊரிலேயே பிறந்த எமெல்யான் புகச்சோவ், கொலையுண்ட ஜார் மூன்றாம் பீட்டர் தாமே என்று அறிவித்து 1773-இல் கிளம்பினார். ஒரென்பர்க் ஆறு மாத காலம் முற்றுகையில் கிடந்தது. 1774 கோடையில் கஸான் எரிந்தது. பண்ணையடிமைகள் விடுதலை பெற்றார்கள், நிலமும் காடும் ஆறும் அவர்களுடையவை என்று அவருடைய அறிக்கை கூறியது. செப்டம்பரில் அவருடைய சொந்தக் கொசாக்குகள் மன்னிப்பை எதிர்பார்த்து அவரைக் கட்டி ஒப்படைத்தார்கள். 1775 ஜனவரியில் மாஸ்கோவில் தண்டனை நிறைவேறியது. அந்த நினைவே இருக்கக்கூடாது என்று இரண்டாம் கேதரின் யாயிக் ஆற்றுக்கு யூரல் என்றும், ஸிமவெய்ஸ்கயாவுக்குப் பத்தேம்கின்ஸ்கயா என்றும் பெயர் மாற்றினார்.

குடிமக்களில் ஒரு வகுப்பு

1774-இல் துருக்கியோடு ஏற்பட்ட சமாதானத்துக்குப் பிறகு நீப்பர் எல்லையில் காவலுக்குத் தேவை குறைந்தது. 1775 ஜூனில், துருக்கிப் போரிலிருந்து திரும்பிய ரஷ்யப் படையே சீச்சைச் சூழ்ந்து கலைத்தது. அதன் கடைசித் தலைவர் பெத்ரோ கல்னிஷெவ்ஸ்கி, வடகோடியில் சலவெத்ஸ்கி மடத்தில் கால் நூற்றாண்டு சிறையிருந்தார். சிதறிய கொசாக்குகளில் ஒரு பகுதியினர் மீண்டும் திரட்டப்பட்டு, 1792 முதல் குபான் ஆற்றங்கரையில் குடியமர்த்தப்பட்டார்கள். பின்னாளில் காகசஸ் மக்களுக்கு எதிரான நீண்ட போரில் பேரரசின் முன்வரிசையாக நின்றவர்கள் இவர்களும் தெரெக் கொசாக்குகளும்.

டானில் வன்முறைக்குத் தேவை ஏற்படவில்லை. மூத்த குடும்பங்களுக்குப் பதவியும் நிலமும் கிடைத்தன. அதமானைத் தேர்ந்தெடுக்கும் உரிமை 18-ஆம் நூற்றாண்டின் முதற்பாதியிலேயே க்ரூக்கின் கையிலிருந்து போய்விட்டது. 1796-இல் பால் மன்னர் தென்பகுதிக் குடியானவர்களும் இடம்பெயரக் கூடாது என்று ஆணையிட, பண்ணையடிமை முறை டானுக்குள் நுழைந்தது. 1798-இல் கொசாக் அதிகாரிகளின் பதவிகள் ரஷ்யப் படைப் பதவிகளுக்கு இணையாக்கப்பட்டன. எசமானிடமிருந்து தப்பியவர்களின் வாரிசுகளில் சிலர் இப்போது தாங்களே அடிமைகளை வைத்திருந்தார்கள்.

1812-இல் அதமான் மத்வேய் பிளாத்தவின் கொசாக்குகள் பின்வாங்கிய பிரெஞ்சுப் படையை விடாமல் துரத்தினார்கள். அக்டோபரில் மலயரஸ்லாவெத்ஸ் அருகே நெப்போலியனே அவர்களிடம் சிக்கவிருந்து தப்பினார். 1814-இல் பாரிஸ் நகரில் கொசாக் குதிரைகள் நின்றன. லண்டன் மாநகரம் பிளாத்தவுக்கு வாள் பரிசளித்தது. பேரரசு தன் கொசாக்குகளைப் பெருமையோடு காட்டிக்கொள்ளத் தொடங்கியது இதன் பிறகுதான். 1827 முதல் பட்டத்து இளவரசரே அனைத்துக் கொசாக் படைகளுக்கும் அதமான் ஆனார்.

1835-இல் டான் படைக்கு வந்த சட்டம் கொசாக்குகளை ஒரு மூடிய வகுப்பாக்கியது. ஆண் ஒவ்வொருவனுக்கும் 30 தெஸ்யாத்தினா, அதாவது சுமார் 80 ஏக்கர் நிலப் பங்கு; தலைவரி இல்லை; அதற்கு ஈடாகப் படைப்பணி. 1875-இல் திருத்தப்பட்ட விதிப்படி 18 வயதில் தொடங்கும் பணி இருபது ஆண்டுகள்: மூன்று ஆண்டு ஆயத்தம், பன்னிரண்டு ஆண்டு களப்பணி, ஐந்து ஆண்டு சேமப்படை. களப்பணியின் முதல் நான்கு ஆண்டுகள் வீட்டைவிட்டு விலகிப் படைப்பிரிவில் கழியும். குதிரை, சேணம், சீருடை, ‘ஷாஷ்கா’ எனப்படும் வாள் ஆகியவற்றைக் கொசாக் தன் பணத்தில் வாங்க வேண்டும். இரண்டு மூன்று மகன்கள் அடுத்தடுத்துப் பணிக்குப் போனால், நடுத்தரக் குடும்பம் மாடுகளை விற்க வேண்டியிருந்தது. மக்கள்தொகை பெருகப் பெருக நிலப் பங்கும் சுருங்கியது. 1897 கணக்கெடுப்பில் கொசாக் வகுப்பினர் சுமார் 29 லட்சம் பேர். 1914-இல் டான் முதல் உசூரி வரை 11 கொசாக் படைகள் இருந்தன.

1905 புரட்சியில் வேலைநிறுத்தங்களையும் ஊர்வலங்களையும் கலைக்கக் கொசாக் குதிரைப்படை ஏவப்பட்டது. ‘நகாய்க்கா’ என்ற தோல் சவுக்கு நகரத் தொழிலாளிகளின் நினைவில் ஜாராட்சியின் அடையாளமாகவே பதிந்தது. ராஸினின் வாரிசுகளாகக் குடியானவர்கள் கொண்டாடியவர்கள், குடியானவர்களின் பிள்ளைகளை அடித்து விரட்டினார்கள்.

எழுத்தில் கொசாக்குகள்

அரசு பெயரை மாற்றி அழிக்க முயன்றதைத்தான் ரஷ்ய இலக்கியம் முதலில் தேடிப்போனது. ராஸினைப் பற்றி புஷ்கின் எழுதிய பாடல்களை வெளியிட 1827-இல் அனுமதி மறுக்கப்பட்டது. 1833 செப்டம்பரில் அவர் புகச்சோவின் தடம் தேடி கஸான், ஒரென்பர்க், யூரல்ஸ்க் எனப் பயணம் செய்தார். ஒரென்பர்க் அருகே, புகச்சோவின் தலைமையிடமாக இருந்த பெர்தி என்ற ஊரில், அவரைக் கண்ணால் கண்ட கொசாக் மூதாட்டி ஒருத்தி இருந்தாள். அவள் பழைய பாட்டுகளைப் பாடினாள். புகச்சோவின் ‘பொன் மாளிகை’ நின்ற இடத்தைச் சொன்னாள். புஷ்கின் அவளுக்கு ஒரு பொற்காசு கொடுத்தார். அவர் போனதும் ஊரில் சந்தேகம் கிளம்பியது. கறுத்த சுருட்டை முடியும் நீண்ட நகமும் கொண்ட அந்நியன் புகச்சோவைப் பற்றிக் கேட்டுப் பொன் கொடுக்கிறான் என்றால், அவன் அந்திக்கிறிஸ்துவாகத்தான் இருக்க வேண்டும் என்று ஊரார் ஒரென்பர்க் அதிகாரிகளிடம் முறையிட்டார்கள். உடன் சென்ற அகராதி ஆசிரியர் தால் இதைப் பதிவுசெய்திருக்கிறார். கிளர்ச்சி அடங்கி அறுபது ஆண்டுகள் ஆகியும், அதன் பெயரை உச்சரிப்பதே ஆபத்து என்று அந்த ஊர் நினைத்தது.

அந்தப் பயணத்தில் இரண்டு நூல்கள் விளைந்தன. 1834-இல் வந்த வரலாற்று நூல், நிக்கோலஸ் மன்னரின் விருப்பப்படி ‘புகச்சோவ் கலகத்தின் வரலாறு’ என்ற தலைப்பைப் பெற்றது. 1836-இல் வந்த ‘கேப்டன் மகள்’ நாவல், ஆவணத்துக்குள் அடங்காத புகச்சோவைக் காட்டியது: தூக்குமரம் நாட்டுகிறவன், பழைய உதவியை மறக்காதவன், தன் ஆட்களே தன்னை விற்றுவிடுவார்கள் என்று அறிந்தவன்.

கோகோலின் ‘தாராஸ் புல்பா’ 1835-இல் ‘மீர்கரத்’ தொகுப்பில் வந்தது. ஆவணத்தைவிட உக்ரேனிய நாட்டுப்பாடல்களையே அது அதிகம் சார்ந்தது; கதை எந்த நூற்றாண்டில் நடக்கிறது என்பதே அதில் தெளிவில்லை. எதிரிப் பெண்ணுக்காகக் கட்சி மாறிய மகனைத் தந்தையே கொல்லும் கதையில் சீச் ஒரு காவிய உலகமாகிறது. யூதர்களும் போலந்துக்காரர்களும் கேலிக்கும் பகைக்கும் உரியவர்களாகவே வருகிறார்கள். 1842-இல் விரிவாகத் திருத்தி எழுதப்பட்ட வடிவத்தில் உக்ரேனியச் சாயல் குறைந்து, ரஷ்ய மண்ணின் பெருமை மேலோங்கியது. அரசு கலைத்துவிட்ட சீச், பேரரசின் பெருமைக்குச் சான்றாக வாசிக்கப்பட்டது.

டால்ஸ்டாய் கொசாக்குகளை நேரில் கண்டவர். 1851-இல் காகசஸ் சென்று, தெரெக் ஆற்றங்கரையில் ஸ்தராக்லத்கோவ்ஸ்கயா என்ற கொசாக் ஊரில் தங்கிப் படையில் பணியாற்றினார். அங்கே அறிமுகமான எப்பிஷ்கா என்ற முதிய வேட்டைக்காரரே, 1863-இல் வெளியான ‘கொசாக்குகள்’ குறுநாவலில் எரோஷ்கா மாமாவாக வருகிறார். மாஸ்கோவின் போலி வாழ்க்கையை வெறுத்துவரும் ஒலேனின், இந்த மக்களோடு கலந்துவிடலாம் என்று நம்புகிறான். அவர்களோ தங்கள் ஊரில் தங்கவைக்கப்பட்ட ரஷ்யச் சிப்பாயைவிட, ஆற்றுக்கு அக்கரையில் நின்று சுடும் செச்சேனியனை மதிப்பவர்கள். நாவலின் முடிவில் அவன் புறப்படும்போது ஊர் தன் வேலையைப் பார்க்கிறது. கொசாக்கைத் தன் கனவாக்கிக்கொண்ட படித்த ரஷ்யனையே டால்ஸ்டாய் இங்கே சோதித்திருக்கிறார்.

வீழ்ச்சியும் அதன் நாவலும்

1917 பிப்ரவரியில் பெத்ரோகிராத் தெருக்களில் கூட்டத்தைக் கலைக்க அனுப்பப்பட்ட கொசாக்குகள் தயங்கினார்கள். ஸ்னமென்ஸ்கயா சதுக்கத்தில் கொசாக் ஒருவர் காவல் அதிகாரியையே வெட்டினார். கடைசிக் காவலனும் கைவிட்ட ஆட்சி சில நாட்களில் சாய்ந்தது. டானில் பழைய க்ரூக் மீண்டும் கூடி, பீட்டர் காலத்துக்குப் பிறகு முதல் முறையாக அதமானைத் தேர்ந்தெடுத்தது. ஆனால் போர்முனையிலிருந்து திரும்பிய இளைஞர்கள், போல்ஷெவிக்குகளுக்கு எதிராக அந்த அதமான் கலேதினுக்காகச் சண்டையிட மறுத்தார்கள். 1918 தொடக்கத்தில் அவர் தன்னையே சுட்டுக்கொண்டார். 1919 ஜனவரி 24 அன்று போல்ஷெவிக் கட்சித் தலைமை, வசதி படைத்த கொசாக்குகள்மீது பேரளவில் பயங்கரத்தை ஏவச் சொல்லும் சுற்றறிக்கையை அனுப்பியது. சுட்டுக்கொலைகள் தொடங்கின. அதுவரை செம்படைக்கு வழிவிட்ட மேல் டான், மார்ச்சில் வியோஷென்ஸ்கயாவில் அதற்கு எதிராகக் கிளர்ந்தது.

1920-இல் செம்படைத் தளபதி புத்யோன்னியின் முதல் குதிரைப்படையோடு போலந்துப் போருக்குச் சென்றவர் இஸாக் பாபெல். ஒதேஸ்ஸாவில் பிறந்த யூதரான அவர், ரஷ்யப் புனைபெயரில் படைப் பத்திரிகையின் செய்தியாளராக இருந்தார். 1648 முதல் யூதர்களின் அச்சத்தில் நிலைத்துவிட்ட கொசாக்குகளோடு, யூத ஊர்களின் வழியே அவர் பயணம் செய்தார். 1926-இல் வந்த ‘செங்குதிரைப்படை’ கதைகளில் வியப்பும் அருவருப்பும் ஒரே வாக்கியத்தில் வருகின்றன. கதைகளைப் புத்யோன்னி பகிரங்கமாகக் கண்டித்தார். பாபெல் 1940-இல் ஸ்டாலின் ஆட்சியில் சுட்டுக்கொல்லப்பட்டார்.

மிகயில் ஷோலகோவ் 1905-இல் வியோஷென்ஸ்கயா வட்டாரத்தில் பிறந்தவர். பிறப்பால் கொசாக் வகுப்பினர் அல்லர் என்றாலும், அந்த ஊர்களின் பேச்சிலும் வேலையிலும் வளர்ந்தவர். ‘டான் நதி அமைதியாக ஓடுகிறது’ நாவலின் நான்கு பாகங்கள் 1928 முதல் 1940 வரை வெளிவந்தன. அதில் படைக்குப் புறப்படும் கிரிகோரி மெலெகவின் உடைமைகளை அதிகாரி ஒருவர் சோதிக்கிறார். லாட ஆணிகளில் ஒன்று குறைகிறது என்கிறார். துணியின் மடிந்த மூலைக்குள் இருந்த இருபத்துநான்காவது ஆணியைக் காட்ட கிரிகோரி கைநீட்டும்போது, அவனுடைய கறுத்த, கரடுமுரடான விரல் அதிகாரியின் வெள்ளை விரலில் பட்டுவிடுகிறது. அதிகாரி கையை வெடுக்கென்று இழுத்துத் துடைத்து, கையுறை மாட்டிக்கொள்கிறார். 1835, 1875 சட்டங்கள் தந்த சிறப்புரிமைக்கு மேட்டுக்குடியின் கண்ணில் என்ன மதிப்பு இருந்தது என்பது அந்தக் கையுறையில் தெரிந்துவிடுகிறது. பின்னர் செம்படை, வெண்படை, கிளர்ச்சிக்காரர்கள் என்று மாறி மாறிச் சண்டையிடும் கிரிகோரிக்கு எந்தத் தரப்பிலும் இடமில்லாமல் போகிறது.

1919 கிளர்ச்சியைச் சொல்லும் மூன்றாம் பாகத்தின் வெளியீடு தடைபட்டது. 1931-இல் எழுத்தாளர் கார்க்கியின் முன்னிலையில் ஷோலகோவ் ஸ்டாலினைச் சந்தித்த பிறகே அதற்கு வழி பிறந்தது. நாவல் ஷோலகோவுடையதுதானா என்ற சர்ச்சை பல பத்தாண்டுகள் நீடித்தது. 1965-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1999-இல் மாஸ்கோவின் உலக இலக்கிய நிறுவனம் முதல் பாகங்களின் கையெழுத்துப் பிரதியைப் பெற்றது.

நாவல் வெளிவந்துகொண்டிருந்த ஆண்டுகளிலேயே அதன் மக்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். கொசாக் வகுப்பைப் புரட்சி அரசு சட்டத்தால் ஒழித்திருந்தது. 1920-இல் கருங்கடல் துறைமுகங்களிலிருந்து பல்லாயிரம் பேர் நாட்டைவிட்டுக் கப்பலேறினார்கள். 1932–33 பஞ்சத்தின்போது, தானியம் தரத் தவறியதாகக் குபான் ஊர்கள் கறுப்புப் பட்டியலில் ஏற்றப்பட்டன. சில ஊர்களின் மக்கள் ஒட்டுமொத்தமாக நாடுகடத்தப்பட்டார்கள். 1936-இல் போர் நெருங்கும் அறிகுறி தெரிந்ததும், கொசாக்குகள் செம்படையில் சேர இருந்த தடை நீக்கப்பட்டு, பழைய சீருடையோடு கொசாக் குதிரைப்படைப் பிரிவுகள் மீண்டும் அமைக்கப்பட்டன. ஜார்கள் படைப்பணிக்கு ஈடாக நிலப் பங்காவது கொடுத்தார்கள். இந்த முறை சீருடை மட்டுமே திரும்பி வந்தது. நிலமும் க்ரூக்கும் தேர்ந்தெடுத்த அதமானும் திரும்பவில்லை.

(தொடரும்)